கண்காணிப்பு நாவல்களை எப்படி ரசிப்பது?

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' பற்றிப் பேச்சு எழுந்தாலே, அதில் சொன்னவற்றில் எத்தனை பலித்தது என்ற கணக்குதான் முன்னால் வந்து நிற்கிறது. வீட்டுக்குள்ளேயே வேவு பார்க்கும் டெலிஸ்கிரீன் கைபேசியாகிவிட்டது, நாட்டை ஆளும் பெரியண்ணனின் கண் தெருமுனை சிசிடிவியாகிவிட்டது என்று ஜாதகப் பொருத்தம் பார்ப்பதுபோலப் பார்க்கிறோம். எட்வர்ட் ஸ்னோடன் 2013 ஜூனில் அமெரிக்க அரசின் ஒட்டுக்கேட்பு வேலைகளை அம்பலப்படுத்தியபோதும் அந்த நாவலின் விற்பனை சட்டென்று ஏறியது. இப்படிப் படிப்பதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. 1949இல் வெளிவந்த நாவலின் கருவிகள் இன்றைக்குப் பழசு. டெலிஸ்கிரீன் என்ற, சுவரில் பதித்த ஓர் உலோகப் பலகை நம்மைப் பயமுறுத்தாது. ஆனால் அந்தப் பலகையின் முன்னால் நிற்கிறவனின் முகம் பழசாகவில்லை. கண்காணிக்கும் கருவியை விட்டுவிட்டு, கண்காணிக்கப்படும் மனிதனின் கை, முகம், தூக்கம் ஆகியவற்றைப் பின்தொடர்ந்து படிக்கிறவருக்கே இந்த வகை நாவல்கள் முழுதாகக் கைகொடுக்கும் என்பது என் கட்சி.

நாவலின் தொடக்க அத்தியாயங்களையே எடுத்துக்கொள்வோம். நாயகன் வின்ஸ்டன் ஸ்மித் டெலிஸ்கிரீன் பக்கம் திரும்புவதற்கு முன்னால் முகத்தில் அமைதியான நம்பிக்கைக் களையை வரவழைத்துக்கொள்கிறான். அறைச்சுவரில் திரையின் பார்வைக்கு எட்டாத ஒரு சிறு மாடம். அதில் ஒடுங்கி உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதுகிறான். தேதி போடும்போது ஆண்டு சரிதானா என்பதே அவனுக்குத் தெரியவில்லை. எழுதிய நோட்டை ஒளித்து வைப்பதில் பயனில்லை என்று அறிந்தவன், யாராவது தொட்டால் தெரியட்டுமே என்று வெண்மையான ஒரு தூசித் துகளை விரல் நுனியில் எடுத்து அட்டையின் மூலையில் வைக்கிறான். முதல் வாசிப்பில் இது ஒரு மனிதனின் சாமர்த்தியம். மூன்றாம் பாகத்தில், சிந்தனைப் போலீஸ் ஏழு ஆண்டுகளாக அவனைக் கவனித்து வந்ததும், அந்தத் துகளைக்கூட எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்ததும் தெரியவருகிறது. அதன்பிறகு முதல் பாகத்துக்குத் திரும்புங்கள். யாரோ ஒருவர் அந்த அறைக்குள் வந்து, குனிந்து, மூச்சை அடக்கி, ஒரு தூசியை நோட்டின் மூலையில் வைத்திருக்கிறார். அந்த ஆளை ஆர்வெல் ஒருமுறைகூட நமக்குக் காட்டவில்லை. காட்டாமல் விட்டதில்தான் அவருடைய கலை இருக்கிறது. அடக்குமுறையின் பொறுமை எவ்வளவு பெரியது என்பதை எந்தச் சித்திரவதைக் காட்சியையும்விட இந்தத் துகள் அழுத்தமாகச் சொல்கிறது.

இப்படிப் படிக்கும்போது இன்னொன்றும் புலப்படும். குறிப்பிட்ட ஒரு நொடியில் தன்னைப் பார்க்கிறார்களா இல்லையா என்பது வின்ஸ்டனுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையே அவனைக் கட்டிப்போடுகிறது. ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் 1791இல் வெளியிட்ட சிறைச்சாலைத் திட்டத்தின் சூத்திரமும் இதுதான்: நடுக்கோபுரத்தில் காவலர் இருக்கிறாரா என்பது கைதிக்குத் தெரியாதவரை, காவலர் இல்லாமலேயே காவல் நடக்கும். நிஜத்திலும் இப்படித்தான் நடந்தது. கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறையில் 1989இல் சுமார் 91,000 பேர் முழுநேர ஊழியர்கள். அவர்களுக்கு வெளியே லட்சத்துக்கும் மேற்பட்ட ரகசியத் தகவலாளிகள். அவ்வளவு பேர் இருந்தும் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட மக்களின் ஒவ்வொரு பேச்சையும் கேட்டிருக்க முடியாது. மிச்ச வேலையைச் சந்தேகம் பார்த்துக்கொண்டது. பக்கத்து மேசைக்காரர் யார் என்ற கேள்வி நாக்கைக் கட்டிவிடும். நாவலில் ஒரு பாத்திரம் வாய்வரை வந்த சொல்லை விழுங்கும் இடங்களைக் குறித்துக்கொண்டே வாருங்கள். கதையின் உண்மையான சம்பவங்கள் அவைதான்.

'1984'க்கு முன்னோடியான யெவ்கேனி சம்யாட்டினின் 'நாங்கள்' நம் காலத்துக்கு இன்னும் நெருக்கமானது என்று நினைக்கிறேன். 1920-21இல் எழுதப்பட்ட இந்த ரஷ்ய நாவலில் மக்களுக்குப் பெயர் கிடையாது, எண்கள்தான். வீடுகள் கண்ணாடியால் ஆனவை. எல்லோரும் ஒரே நொடியில் எழுந்து, ஒரே நொடியில் கரண்டியை வாய்க்குக் கொண்டுபோகிறார்கள். ஒரு கவளத்தை ஐம்பது தடவை மெல்ல வேண்டும் என்பது விதி. அந்த நாட்டின் ஞானி யார் தெரியுமா? தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்த அமெரிக்கப் பொறியாளர் ஃபிரடெரிக் டெய்லர். சம்யாட்டினும் கப்பல் பொறியாளர். முதல் உலகப்போரின்போது இங்கிலாந்தின் நியூகாசில் பகுதியில் ரஷ்யாவுக்கான பனியுடைப்புக் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர். கண்காணிப்பு காவல் நிலையத்தில் மட்டும் பிறப்பதில்லை, பட்டறையிலும் பிறக்கும் என்று கண்டவர் அவர். எந்தத் தெருவில் திரும்பினார், எத்தனை நிமிடம் தாமதித்தார் என்று கைபேசிச் செயலி கணக்கெடுக்க, நகர வெயிலில் உணவுப் பொட்டலம் சுமந்து ஓடும் இளைஞரை நினைத்துக்கொண்டு இந்த நாவலைப் படித்துப் பாருங்கள். பட்டறையில் பிறக்கும் இந்தக் கண்காணிப்பை ஆர்வெல் அவ்வளவாகக் காணவில்லை. அவருடைய உலகில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேரான பாட்டாளிகளின் வீடுகளில் பெரும்பாலும் டெலிஸ்கிரீனே இல்லை.

இன்று நம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, நாமே விரும்பித்தானே தகவல்களைக் கொடுக்கிறோம், அப்படியானால் இன்பத்தால் மக்களை ஆளும் ஆல்டஸ் ஹக்ஸ்லியின் நாவல் உலகம்தானே பொருத்தம் என்று கேட்கலாம். ஹக்ஸ்லியே 1949 அக்டோபரில் ஆர்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய இப்படித்தான் வாதிட்டார். வலுவான வாதம். ஆனால் விருப்பமும் வற்புறுத்தலும் எதிரெதிர் முகாம்கள் அல்ல. சம்யாட்டினின் நாயகன் டி-503 கண்ணாடி வீட்டில் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறான்; அரசைப் புகழத்தான் எழுத உட்காருகிறான். எழுத எழுத அவனுக்குள் ஏதோ முளைக்கிறது; மருத்துவர் பரிசோதித்து, அவனுக்கு ஆன்மா உண்டாகிவிட்டது என்று நோயைச் சொல்வதுபோலச் சொல்கிறார். வணிகர் கையில் இருக்கும் கண்ணும் கட்டளையிடும் என்பதற்கு வேறெங்கும் போக வேண்டாம். 2009 ஜூலையில், பதிப்புரிமைச் சிக்கலைக் காரணம் காட்டி, அமேசான் நிறுவனம் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய '1984' பிரதிகளை அவர்களுடைய கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. பிறகு மன்னிப்பும் கேட்டது.

ஒளிக்க எதுவும் இல்லாதவருக்கு என்ன பயம் என்பது இதைவிடப் பரவலான கேள்வி. ஆர்வெல் இதற்குப் பார்சன்ஸ் என்ற பாத்திரத்தால் பதில் சொல்கிறார். வின்ஸ்டனின் பக்கத்து வீட்டுக்காரர். ஆளும் கட்சிக்காக ஓடியாடி வேலை செய்கிறவர். சந்தேகம் என்பதே தெரியாதவர். ஒளிக்க எதுவும் இல்லாத அவரும் சிறைக்கு வருகிறார். தூக்கத்தில் பெரியண்ணனுக்கு எதிராக உளறியிருக்கிறார். ஏழு வயது மகள் சாவித்துவாரத்தில் காது வைத்துக் கேட்டு, மறுநாளே காவலர்களிடம் சொல்லிவிட்டாள். அவருக்கு மகள்மேல் கோபம் இல்லை, பெருமைதான். இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். எது குற்றம் என்று தீர்மானிக்கிறவர் கண்காணிக்கிறவராகவே இருக்கும்போது, நிரபராதி என்று தன்னைத் தானே யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது ஏன் முக்கியம் என்பதும் பார்சன்ஸைப் படித்தவருக்கு எளிதில் விளங்கும்.

இந்த நாவல்கள் பனிப்போர்ப் பிரசாரம் என்று ஒதுக்குவோரும் உண்டு. அப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது உண்மை. ஆனால் சம்யாட்டின் இளமையில் போல்ஷ்விக்காக இருந்து ஜார் ஆட்சியில் சிறை சென்றவர். ஆர்வெல் கடைசிவரை தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்றே சொன்னவர். அவருடைய நாவலில் வரும் 'உண்மை அமைச்சக'த்துக்கு மாதிரி, போர்க்காலத்தில் பிரிட்டிஷ் தகவல் அமைச்சகம் இயங்கிய லண்டன் செனட் ஹவுஸ் கட்டடம். எந்தக் கொடியின் கீழும் இது நடக்கலாம் என்பதுதான் இருவரின் கவலையும். கலைக் குறைகள் இல்லாமல் இல்லை. '1984'இன் நடுவே வரும், கட்சியின் எதிரி கோல்ட்ஸ்டீன் எழுதியதாகச் சொல்லப்படும் புத்தகப் பகுதி நீளம். வின்ஸ்டன் அதைப் படித்துக் காட்டும்போது அவனுடைய காதலி ஜூலியாவே தூங்கிவிடுகிறாள். அலுத்தால் அங்கே வேகமாகப் புரட்டுங்கள், பாதகமில்லை.

முதலில் 'நாங்கள்', அடுத்து '1984' என்ற வரிசையில் படியுங்கள். '1984'ஐத் தமிழில் க.நா.சு. மொழிபெயர்த்திருக்கிறார். கையில் பென்சில் வைத்துக்கொண்டு, பாத்திரங்கள் முகத்தை மாற்றிக்கொள்ளும் இடங்களையும் பேச வந்ததைப் பேசாமல் விடும் இடங்களையும் மட்டும் கோடிடுங்கள். முடித்த கையோடு '1984'இன் தொடக்க அத்தியாயங்களுக்குத் திரும்பி, அந்தத் தூசித் துகள் வரும் இடத்தை இன்னொரு முறை படித்துவிடுங்கள்.