தறிப்பட்டறை கம்ப்யூட்டருக்கு எந்த மதர்போர்டு?

எடப்பாடியில் பாதி கம்ப்யூட்டர்கள் தறிச்சத்தம் கேட்கும் தூரத்தில்தான் ஓடுகின்றன. கூலிக் கணக்கு, டேலி, இ-வே பில், நூல் எடை, சில பட்டறைகளில் ஜாக்கார்டு டிசைன். பத்து வருஷமாக மல்லுக்கட்டாமல் உழைத்த பெட்டிகளை இப்போது மாற்றியாக வேண்டிய நிலை. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசை முதல் வேண்டும். இங்கே அதிகம் புழங்கும் 4-ஆம் தலைமுறை ஐ3 அந்தப் பட்டியலில் இல்லை. ஜிஎஸ்டி தளத்திலும் வங்கிக் கணக்கிலும் நுழையும் மெஷினை அப்டேட் இல்லாமல் ஓட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு தறிப்பட்டறைக்காக நான் மாட்டிக் கொடுத்தது அசூஸ் பிரைம் எச்610எம்-இ டி4 போர்டு, கோர் ஐ3-12100, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி. பழைய கேபினெட்டே போதும். மைக்ரோ ஏடிஎக்ஸ் திருகு ஓட்டைகள் மாறவில்லை. பழைய டிடிஆர்3 ராம் மட்டும் எதற்கும் உதவாது.

போர்டைப் பற்றிப் பேசத் தொடங்கியதுமே முதலாளி கேட்டது இதுதான்: "ஏனுங்க, எடை மெசினு இதுல வேலை செய்யுமுங்களா?" நூல் எடை போடும் எலக்ட்ரானிக் தராசு 9 பின் சீரியல் போர்ட்டில் வருவது. பெரும்பாலான புதிய போர்டுகளின் பின்பக்கம் அந்தப் போர்ட் கிடையாது. இந்தப் போர்டின் உள்ளே ஓரத்தில் 'காம்' என்று அச்சிட்ட சிறிய பின் வரிசை இருக்கிறது. பத்துப் பின் கேபிளோடு வரும் பிராக்கெட்டை அதில் செருகிப் பின்பக்கம் திருகினால் பழைய போர்ட் திரும்பக் கிடைக்கும். அந்தக் கேபிளில் இரண்டு விதமான வயர் அமைப்பு உண்டு. போர்டின் மேனுவலில் உள்ள பின் படத்தோடு ஒத்துப் பார்த்து வாங்காவிட்டால் தராசு வாயே திறக்காது. யூஎஸ்பி கன்வெர்ட்டரிலும் வேலை நடக்கும். ஆனால் பெருக்கித் துடைக்கும்போது கழற்றி வேறு ஓட்டையில் செருகிவிட்டால் காம் எண் மாறி, எடை பில்லில் ஏறாமல் நிற்கலாம். பழைய மானிட்டருக்கு விஜிஏ போர்ட்டும் இந்தப் போர்டில் இருக்கிறது.

பிராசசர் வாங்கும்போது கடைசி எழுத்தைப் பாருங்கள். 12100எஃப் குறைந்த விலையில் கிடைக்கும். அதில் கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. எஃப் இல்லாத 12100-இல் நான்கு கோர், எட்டுத் திரெட். டேலியும் பிரவுசரும் டிசைன் சாஃப்ட்வேரும் சேர்ந்து திறந்திருந்தாலும் திணறவில்லை. ஒற்றை 16 ஜிபிக்குப் பதில் 8 இரண்டாகப் போட்டதற்குக் காரணம், உள்ளே இருக்கும் கிராபிக்ஸ் ராமையே பகிர்ந்துகொள்வதுதான். இரண்டு சேனலும் ஓடினால் பெரிய டிசைன் படங்களைத் திரையில் நகர்த்துவது வழுக்கிக்கொண்டு போகிறது.

எச்610-இன் குறைகளையும் சொல்ல வேண்டும். ராமுக்கு இரண்டே ஸ்லாட். எஸ்எஸ்டி ஸ்லாட் பிசிஐஇ மூன்றாம் தலைமுறை (ஜென் 3) வேகத்தோடு நின்றுவிடும். ஜென் 4 எஸ்எஸ்டிக்குக் கூடுதல் காசு கொடுப்பது வீண். நாள் முழுக்க டிசைன் மட்டுமே போடுகிறவர், காசு இருந்தால் பி760 போர்டுக்கோ ஏஎம்டியின் ஏஎம்5 பக்கமோ போகலாம். ஏஎம்5-க்கு 2027 வரையும் அதற்கு அப்பாலும் புதிய பிராசசர் வரும் என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்கு டிடிஆர்5 கட்டாயம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய வேகத்தில் அங்கேதான் கணக்கு உதைக்கிறது.

போர்டைவிட நான் அதிகம் கவலைப்பட்டது எஸ்எம்பிஎஸ் பற்றி. பழைய பெட்டியின் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. கீழே 12 வோல்ட் கட்டத்தில் 12 ஆம்பியர்தான். பெருக்கினால் 144 வாட். பிராசசர் குடிப்பது அந்த 12 வோல்ட்டைத்தான். இந்த ஐ3 உச்சத்தில் 89 வாட் வரை போகும். கணக்குப்படி தாங்கும் போலத் தெரியும், ஆனால் தறி மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது வோல்டேஜ் விழும் லைனில் அதை நம்ப முடியாது. 80 பிளஸ் புரோன்ஸ் முத்திரையுள்ள 450 வாட் ஒன்று புதிதாகப் போட்டோம். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுத்தது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்த பிறகே போர்டை மாட்டினேன்.

பஞ்சு இன்னொரு எதிரி. பிராசசர் ஃபேனுக்கு அடியில் மெத்தையாகப் படிந்து சூட்டை அடைக்கும். பெட்டியைத் தரையில் வைக்காமல் ஒரு அடி உயர்த்தி வையுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஹார்டு டிஸ்கை அப்படியே மாட்டினால் பூட் ஆகாமல் போகலாம். 12-ஆம் தலைமுறையின் உள் கிராபிக்ஸில் பழைய லெகசி பூட் முறை இல்லை. டிஸ்க் எம்பிஆர் வடிவில் இருந்தால் ஜிபிடிக்கு மாற்ற வேண்டும், அல்லது புதிதாக விண்டோஸ் ஏற்ற வேண்டும். எது செய்தாலும் முதலில் டேலி டேட்டாவை பென்டிரைவில் எடுத்து வையுங்கள். மெஷினோடு வந்த ஓஇஎம் விண்டோஸ் லைசென்ஸ் பழைய போர்டோடு போய்விடும் என்பதையும் செலவுக் கணக்கில் சேருங்கள்.

கணக்கு, பில், எடை, நடுத்தர டிசைன் வேலைக்கு இந்தக் கூட்டணி தாராளமாகப் போதும். எடப்பாடி, சங்ககிரி பக்கத்துப் பட்டறைகளுக்கு இதையே பரிந்துரைப்பேன். சேலத்தில் வாங்கினாலும் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லில் போர்டின் சீரியல் நம்பரை எழுதி வாங்குங்கள். மூன்று வருஷ வாரண்டி கேட்டுப் போகும்போது அந்த நம்பரைத்தான் முதலில் கேட்பார்கள்.