நிலவும் குன்றும் ஒரு திரைப்பாடலும்

திரைப்பாடல்களைக் குறித்து மறையுரைகளில் நாம் நல்ல சொல் கூறியது குறைவு. பாடற்பயிற்சி முடிந்தபின் ஆலயக் கீபோர்டில் சினிமா மெட்டு வாசிக்கும் இளைஞர்களைக் கடிந்துகொண்டதும் உண்டு. அப்படிக் கடிந்துகொண்டது முற்றும் சரிதானா என்று ஒரு பாடல் நம்மை எண்ண வைத்தது.

1997ஆம் ஆண்டு மணிரத்னத்தின் இயக்கத்தில் வெளிவந்த 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' என்னும் பாடலே அது. வைரமுத்து எழுதி, ஏ.ஆர். ரகுமான் இசையமைத்து, உன்னிகிருஷ்ணனும் பம்பாய் ஜெயஸ்ரீயும் பாடியது. இரு சங்கப் பாடல்களின் சொற்கள் அதில் எடுத்தாளப்பட்டுள்ளன. ஒன்று, குறுந்தொகையின் 40ஆம் பாடல். முன்பின் அறியாத இருவர் நெஞ்சங்கள் செம்மண்ணில் பெய்த மழைநீர்போல் கலந்ததைச் சொல்வது. பாடியவரின் இயற்பெயர் மறைந்துபோக, அவ்வுவமையே அவருக்குச் செம்புலப்பெயனீரார் என்று பெயராயிற்று. மற்றொன்று, பாரி மகளிர் பாடிய புறநானூறு 112. இரண்டும் ஐந்தே அடிகள்.

குறுந்தொகைப் பாடல் காதலைச் சொல்வது. காதற்பாட்டில் அது இயல்பாகவே பொருந்துகிறது. புறநானூற்றுப் பாடல் அத்தகையதன்று. மூவேந்தர் முற்றுகையிட்ட பறம்பில் பாரி மாண்டபின், அவன் மகளிர் நிலவை நோக்கிப் புலம்புவது அது. போன திங்கள் இதே நிலவொளியில் தந்தை இருந்தார், குன்றும் நம்முடையதாய் இருந்தது. இந்தத் திங்கள் இரண்டும் இல்லை என்பது அதன் பொருள். திரைப்பாடலோ அந்த நிலவை மட்டும் எடுத்து, அதன்கீழ்க் காதலரை நிறுத்துகிறது. புலம்பல் விடுபட்டுவிடுகிறது. மூலத்துக்கு இழைத்த அநீதி இது என்றே நெடுநாள் கருதியிருந்தோம்.

தாம்பரத்தை அடுத்த நம் பங்கில் ஒரு மாலை, அப்பாடலை வாசித்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனைக் கடிந்துகொள்ளாமல், உரையோடு கூடிய புறநானூற்றை அவன் கையில் கொடுத்தோம். படித்துவிட்டு, "ஃபாதர், இது லவ் பாட்டு இல்லையா?" என்றான். இல்லை என்றோம். மறுபடியும் படித்தான். சற்றுப் பொறுத்து, "எங்க தாத்தா கல்லு உடைச்ச மலை இப்போ குட்டையாத்தான் கிடக்குது, ஃபாதர்" என்றான். பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் குன்றுகள் கல்குவாரிகளுக்காகக் குடையப்பட்டதையும், கைவிடப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்கி நிற்பதையும் இப்பகுதியினர் அறிவர். பறம்பைப் பறித்தவர் பகைவேந்தர். இக்குன்றை உடைத்ததோ கூலிக்கு உழைத்த அவன் தாத்தாவின் கைகளே. ஆயினும் இழப்பு இழப்புத்தானே!

குருமடத்தில் விவிலிய விளக்கம் பயின்ற நாள்கள் நினைவுக்கு வந்தன. சிலுவையில் ஆண்டவர் உரக்கக் கூறியது 22ஆம் திருப்பாடலின் தொடக்கம். அதை அறிந்த செவிக்கு அவ்வோரடியே முழுப் பாடலையும் நினைவூட்டும். கைவிடப்பட்டவனின் கதறலில் தொடங்கும் அப்பாடல் புகழ்ச்சியில் நிறைவுறுவதும் விளங்கும். அருகில் நின்ற சிலருக்கோ, எலியாவைக் கூப்பிடுவதாகவே கேட்டது என்கிறார் மாற்கு. எடுத்தாளப்பட்ட அடி எங்கும் இப்படித்தான். மூலத்தை அறியாதவர் செவியில் அது வேறொன்றாக ஒலிக்கிறது.

ஆகவே 'நறுமுகையே' பாடலின் குறையை நாம் மறைக்கவில்லை. பாரி மகளிரின் துயரம் அதில் இல்லை. ஆனால் அவர்கள் சொற்களை அது தேநீர்க் கடைகளுக்கும் திருமண மண்டபங்களுக்கும் கொண்டு சேர்த்தது. உ.வே. சாமிநாதையர் 1894இல் அச்சேற்றிய நூல் எட்டாத செவிகளுக்கும் அவை எட்டின. பாடல் அவ்வளவே செய்யும். அடுத்த அடியை எடுத்து வைக்க, அருகில் ஒருவர் வேண்டும். ஒரு நூலும் வேண்டும். அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய நாம், பல ஆண்டுகள் கண்டித்துக்கொண்டே இருந்துவிட்டோம்.

அந்தப் புறநானூறு இன்னும் நம்மிடம் திரும்பி வரவில்லை. நாமும் கேட்கவில்லை. பெற்றோரே, உங்கள் பிள்ளைகள் முணுமுணுக்கும் பாட்டில் பழஞ்சொல் ஒன்று காதில் விழுந்தால், அது எங்கிருந்து வந்தது என்று அவர்களோடு சேர்ந்து தேடுங்கள்.