மாவுக்கட்டு வெட்டும் ரம்பம்

வரப்பில் வழுக்கியோ தென்னையிலிருந்து விழுந்தோ காலை ஒடித்துக்கொண்டு தஞ்சை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வரும் டெல்டாக்காரருக்கு, மாவுக்கட்டு போடும்போதைவிடப் பிரிக்கும்போதுதான் முகம் வெளுக்கும். எல்லாம் அந்த ரம்பச் சத்தத்தால்.

உண்மையில் அதன் வட்டத் தகடு சுழல்வதேயில்லை. சில பாகை அளவுக்கு இடமும் வலமுமாக அதிர்கிறது, அவ்வளவுதான். இறுகிய மாவு அசையாமல் நிற்பதால் அறுபட்டு வெள்ளைத் தூளாகப் பறக்கிறது; தோலோ தகட்டோடு சேர்ந்து அசைந்துகொடுத்துத் தப்பிவிடுகிறது. அமெரிக்க எலும்பு மருத்துவர் ஹோமர் ஸ்ட்ரைக்கர் 1947இல் காப்புரிமை பெற்ற கருவி. கெட்டிக்காரத்தனம் என்றால் இதுதான்!

ஆனால் கை பழகியிருக்க வேண்டும். அழுத்தி எடுத்து, அழுத்தி எடுத்துத்தான் நகர வேண்டும். இழுத்தால் தோல் கீறும்; நெடுநேரம் ஓடினால் தகடு சூடேறிப் பஞ்சையும் தாண்டிச் சுடும். சுட்டால் பொறுத்துக்கொண்டிருக்காதீர்கள், உடனே சொல்லிவிடுங்கள்.