தண்ணீர் குடிக்காத சிறுநீரகம்

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய ஓர் அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. நண்பரான ஆசிரியர் சிறுநீரகம் பற்றிய அசைபடம் போட்டார்; கடைசி பெஞ்சில் நான். இரத்தம் சிவப்புக் குமிழிகளாய் நுழைகிறது, வடிகட்டப்படுகிறது, மஞ்சள் துளி கீழிறங்குகிறது. ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்று படம் முடிந்தது. ஒரு பெண் எழுந்தாள்: “எங்கம்மா ஷிப்ட்டுல தண்ணியே குடிக்க மாட்டாங்க சார். அடிக்கடி பாத்ரூம் போனா திட்டுவாங்களாம். அவங்க கிட்னி என்னாகும்?”

படத்தில் அதற்குப் பதில் இல்லை.

அசைபடமே கூடாது என்பதல்ல என் வாதம். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் வடிந்து, ஒன்றரை லிட்டர் போக மீதியெல்லாம் இரத்தத்துக்கே திரும்புகிறது. இந்த ஓட்டத்தைச் சாக்பீஸால் காட்டிவிட முடியாது. 2018இல் பாடநூல்களில் கியூஆர் கோடு, 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2023இல் மணற்கேணி செயலி என்று அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இவை கிடைத்திருப்பதை வரவேற்கத்தான் வேண்டும்.

பிரச்சினை, இவை கட்டமைக்கும் உடல் யாருடையது என்பதில் இருக்கிறது. 1926இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபிரிட்ஸ் கான் வெளியிட்ட ‘மனிதன் எனும் தொழில் மாளிகை’ என்ற சுவரொட்டி, உடலைத் தொழிற்சாலையாகவே வரைந்தது. தலைக்குள் மேசை போட்டு நிர்வகிப்பவர்கள். கீழே குழாய்களுக்கும் எந்திரங்களுக்கும் நடுவே வேலையாட்கள். நம் அசைபடங்கள் அந்த மரபின் வாரிசுகள். அங்கே குட்டி ஆட்களாவது இருந்தார்கள். இங்கே அவர்களும் இல்லை. உழைப்பு, சாதி, பாலினம், ஊர் எதுவுமற்ற ஒன்றே ‘மனித உடல்’ எனப் பொதுமைப்படுத்தப்படுகிறது. கோளாறு வந்தால் பழி உடலுக்குரியவர்மீது: நீதான் தண்ணீர் குடிக்கவில்லை.

அதே பாடத்தில் பல் வருகிறது. படத்துப் பல் பளீர் வெள்ளை. தருமபுரி, கிருஷ்ணகிரி கிராமங்களில் பல பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை. துலக்காததால் வந்ததல்ல, பல் உருவாகும் வயதில் குடித்த நிலத்தடி நீரின் ஃபுளூரைடால் வந்தது. 2008இல் கர்நாடகத்தில் கிளம்பிய எதிர்ப்புகளைக் கடந்து, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் செயல்பாட்டுக்கு வந்தது. இங்கே ஒரு பல்லை விளக்கவே நிலத்தடியும் இரு மாநில அரசியலும் வேண்டும். அசைபடமோ ஈறோடு நின்றுவிடுகிறது.

நண்பர் மழுப்பவில்லை. குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்ந்து கல் சேரலாம், தொற்று வரலாம் என்றார். பிறகு கேட்டார்: “உங்க வீட்ல வேலைக்குப் போறவங்கள்ல யாரால தேவைப்பட்டப்ப தண்ணி குடிக்க முடியுது?” எழுந்த கைகளை எண்ணிக் கரும்பலகையில் எழுதினார். அதிக நேரம் பிடிக்கவில்லை.

‘தண்ணீர் குடி’ என்பது பாடமானால் ‘குடிக்க விடு’ என்பதும் பாடம்தான்.