இழுத்த மணி, பூத்த மணி

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பாரூரிலிருந்து ஓசூர் வரை நீளும் எல்லைப் பகுதியில் ஒரே மணிக்கு மூன்று பெயர்கள். தமிழில் கருகமணி, கன்னடத்தில் கரிமணி, தெலுங்கில் நல்லபூசலு. தாலிச் சரட்டில் கோக்கும் இந்தச் சிறு கறுப்பு மணியைப் பார்க்கும்போது, கண்ணாடியில் மணி செய்யும் கலை இம்மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பது பலருக்கும் நினைவில் வருவதில்லை.

புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தார். அங்கே ஏராளமாகக் கிடைத்த ஒற்றை வண்ணச் சிறுமணிகளைப் போன்றவை ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் கிடைத்திருக்கின்றன. அவற்றுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயரிட்டவர் மணி ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, பிறகு நறுக்கிச் செய்தவை அவை.

இலங்கையிலும் அதே மணிதான். மன்னார்த் தீவுக்கு எதிரே, திருக்கேதீச்சரத்தை ஒட்டிய மாந்தைத் துறைமுகத்தில் ஜான் கார்ஸ்வெல் 1980 முதல் 1984 வரை அகழ்ந்தார். மணிகளோடு தொழிற்கழிவும் அங்கே கிடைத்தது. குருநாகல் மாவட்டத்துக் கிரிபாவவில் கிடைத்த தடயங்கள் இன்னும் முக்கியமானவை. அங்கே கண்ணாடியையே மூலப்பொருளிலிருந்து காய்ச்சி எடுத்த உலைகள் இருந்தன. மணி கோப்பவரும் மணி இழுப்பவரும் பல ஊர்களில் இருக்கலாம். மணலைக் கண்ணாடியாக்கத் தெரிந்தவர்கள் எங்கும் சிலரே.

ஆனால் இலங்கையில் அந்தத் தொழிலின் சங்கிலி அறுந்தது. பதினோராம் நூற்றாண்டையொட்டி மாந்தை துறைமுகமாக இருப்பதே ஓய்ந்தது. இந்தியாவிலோ, ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்துப் பாப்பாநாயுடுபேட்டையில் அந்தப் பழைய முறை நம் காலம் வரை பிழைத்து வந்திருக்கிறது. இரும்புக் குழாயின் முனையில் கண்ணாடிப் பிண்டத்தைத் திரட்டி, நடுவே துளையிட்டு, உலையின் வாயிலிருந்து மணிக்கணக்கில் கையால் குழல் இழுக்கிறார்கள். நறுக்கிய துண்டுகளைச் சாம்பலில் புரட்டி மீண்டும் சுடுகிறார்கள். சாம்பல் துளையை அடைத்துக் காக்கிறது; கூர் முனை மழுங்கி மணி உருண்டையாகிறது.

இந்த முறையில் மணியின் மேல் பூ வரைய இயலாது. பூவுக்கு வேறு வித்தை வேண்டும்.

அந்த வித்தை இன்று வாராணசியில் செழித்திருக்கிறது. அதன் கண்ணாடி மணிகளுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. மண் பூசிய கம்பியில் சுடரருகே கண்ணாடியைச் சுற்றி உருண்டையாக்குவார்கள். மெல்லிய வண்ணக் கண்ணாடிக் குச்சியால் ஐந்தாறு புள்ளிகளை வட்டமாக வைத்து, கூர் ஊசியால் நடுவை நோக்கி இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் இதழாகும். மேலே தெளிந்த கண்ணாடித் துளி ஒன்றை இட்டால், பூ நீருக்குள் நிற்பதுபோல் தெரியும். மணியை உடனே ஆறவிட்டால் வெடிக்கும், மெல்ல ஆற்றவேண்டும்.

இலங்கையில் இதற்கு மிக நெருங்கிய கைவேலை கண்ணாடியில் இல்லை, அரக்கில் இருக்கிறது. மாத்தளைப் பக்கத்து ஹாபுவிடவில் வண்ண அரக்கைச் சூட்டில் இளக்கி நூலாக இழுத்து, மரத்தில் ஒட்டி, கட்டைவிரல் நகத்தால் நறுக்கிப் பூங்கொடி அமைக்கிறார்கள். கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட நூலில் இலங்கையின் அரக்கு வேலையை விரிவாக எழுதியிருக்கிறார். சூட்டில் இளகி, நூலாக நீண்டு, சூடு தணியும் முன்பே பூவாக வேண்டிய பொருள் இரண்டு இடத்திலும். அங்கே நகம், இங்கே ஊசி.

ஆக, அகழ்ந்தெடுத்த சான்றுகள் இலங்கையில் வலுவாக இருக்கின்றன. செய்யத் தெரிந்த கைகள் இந்தியாவில் இருக்கின்றன. இரண்டும் சந்திக்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து திருப்பதி ஒரு பகல் பயணத் தொலைவுதான். மாந்தையில் கிடைத்த கழிவுத் துண்டுகளின் படங்களைப் பாப்பாநாயுடுபேட்டையின் மூத்த கைகளிடம் காட்டி, இது இழுக்கும்போது விழுந்ததா, நறுக்கும்போது சிதறியதா, இல்லை சாம்பலில் ஒட்டிக் கெட்டதா என்று தமிழ் மாணவர் ஒருவர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.