கோட்டின் மறுபுறம்

நெசவு அறிந்த அருப்புக்கோட்டைக்காரர் சேலையின் முகப்பை மட்டும் கண்டு மெச்சிவிட மாட்டார். புரட்டி மறுபுறத்தையும் பார்ப்பார். பத்திரிகைச் சித்திரங்களை நாம் அவ்வாறு பார்த்ததில்லை. அச்சுக்குப் பேர்போன சிவகாசி அருகிலேயே இருந்தும், அச்சில் வந்ததே படம் என்று இருந்துவிட்டோம்.

கோபுலுவை எடுத்துக்கொள்வோம். 1924இல் பிறந்து, மாலியின் ஊக்கத்தால் ஆனந்த விகடனில் வளர்ந்து, 2015இல் மறைந்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்கு அவர் வரைந்த மாந்தர், 1968இல் திரைப்படம் வருமுன்பே வாசகர் மனத்தில் குடியேறிவிட்டனர். ஆயினும் அவரது தனித்திறன் சொல்லில்லா நகைச்சுவைப் படங்களிலேயே உள்ளது என்பேன். அங்கே முகத்தினும் மிகுதியாக முதுகும் தோளும் பேசும்.

மூலப் படம் பெரும்பாலும் அச்சுப் படத்தைவிடப் பெரிது. அடியில் பென்சில், மேலே கறுப்பு மை, பிழைபட்ட இடத்தில் வெள்ளைப் பூச்சு, ஓரத்தில் அளவுக் குறிப்பு. பிளாக் செய்பவர் அதைப் புகைப்படமெடுத்துத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, அமிலத்தால் அரிப்பார். படம் சுருங்கும்போது கோடுகள் நெருங்கும். மட்டமான தாளில் மை பரவும். கை எங்கே தயங்கியது, எங்கே ஒரே வீச்சில் ஓடியது என்பது மூலத்தில்தான் தெரியும். பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்தபின் இடக்கையால் வரையப் பழகியவர் கோபுலு. அந்தப் போராட்டத்தை அச்சுத்தாள் எவ்வாறு முழுமையாகக் காட்டும்?

சேகரிக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. திருச்சுழிப் பக்கத்து வீடுகளிலும் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைத்தவர்கள் உண்டு. கதைக்காகச் சேர்த்தார்கள், படம் உடன் வந்தது. அந்தத் தாளும் நம் வெயிலில் பழுத்து நொறுங்குகிறது, மீதியைக் கரையான் கொள்கிறது. பெயர்ப்பலகை எழுதிவந்த கோட்டையூர் ரோஜா முத்தையா, பிறர் எறிந்த தாள்களையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. மூலச் சித்திரங்களுக்கு அந்த நல்லூழ் பெரிதும் வாய்க்கவில்லை. பிளாக் எடுத்ததும் அவற்றின் வேலை தீர்ந்ததென்று கருதிய அலுவலகங்கள் பல.

எஞ்சியவை இன்று விலைக்கு வருகின்றன. வாங்குவோர் கையொப்பத்தையே தேடுகின்றனர். கோட்டைப் பார்ப்பவர் குறைவு. வெள்ளைப் பூச்சைக் குறை என்று எண்ணி விலையைக் குறைக்கக் கேட்போரும் உளர்! ஓவியர் மனம் மாற்றிக்கொண்ட இடமல்லவா அது? பென்சில் தடத்தை ரப்பரால் அழித்து, பிளாஸ்டிக் உறையை ஒட்டி, வெயில் விழும் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டால், நம் கையில் மிஞ்சுவது இன்னொரு அச்சுப் படமே.