இரண்டு பம்புகளும் ஒரே உறிஞ்சு குழாயும்

அமெரிக்காவில் தனிமனிதர்கள் தம் கைப்படப் பெரும்பகுதியைக் கட்டி முடிக்கும் விமானங்கள் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்னும் பிரிவில் பதிவாகின்றன. அப்பிரிவில் சான்றளிக்கப்பட்ட விமான எஞ்சினையே பொருத்த வேண்டும் என்னும் கட்டாயம் இல்லாமையால், மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி சுழல் எஞ்சினை விமானத்தில் ஏற்றும் வழக்கம் ஒரு சிறு வட்டத்தாரிடையே வேரூன்றியுள்ளது. ஃபெலிக்ஸ் வான்கெலின் கருத்திலிருந்து உருவான இவ்வெஞ்சினில் மேலும் கீழும் ஓடும் பிஸ்டனோ திறந்து மூடும் வால்வோ கிடையாது. தலா 654 கன சென்டிமீட்டர் கொள்ளளவுக்குரிய இரு முக்கோணச் சுழலிகளே வேலை முழுவதையும் செய்கின்றன. அசையும் உறுப்புகள் குறைவாதலால் இது திடீரென உடைந்து நின்றுபோவது அரிது என இதன் ஆதரவாளர்கள் கூறுவதில் நியாயம் உண்டு. ஆயினும் அவ்வுறுதியை நம்பிப் பறப்பவரின் உயிர் எஞ்சினை விட எரிபொருள் அமைப்பையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்பதும், அவ்வமைப்பு பெரும்பாலும் கட்டுபவரின் சொந்த வடிவமைப்பு என்பதும் போதிய அளவு எடைபோடப்படவில்லை.

கார்புரேட்டர் பொருத்திய வழக்கமான விமான எஞ்சினில் எஞ்சினே இயக்கும் பம்பு ஒன்று சதுர அங்குலத்துக்குச் சில பவுண்டு அழுத்தத்தில் எரிபொருளைத் தரும். தீப்பொறியை மேக்னெட்டோ தானே உண்டாக்கிக்கொள்ளும். ஆகவே மின்சாரம் அற்றுப்போனாலும் எஞ்சின் ஓடும். 13பி எஞ்சினின் எரிபொருள் உட்செலுத்திகளுக்கோ 40 பவுண்டை ஒட்டிய அழுத்தம் வேண்டும். அதை மின்பம்புகளே தருகின்றன. இதனால் தனித்தனி மின்சுற்றில் இரு பம்புகளை வைப்பது எழுதப்படாத விதியாகிவிட்டது. மின்கோளாற்றுக்கும் பம்பின் பழுதுக்கும் இது சிறந்த காப்பு. ஆனால் அவ்விரு பம்புகளும் ஒரே தேர்வு வால்வு, ஒரே வடிகட்டி, ஒரே குழாய் வழியாக உறிஞ்சுமானால், மாற்று ஏற்பாடு பாதியிலேயே நின்றுவிடுகிறது. ஆர்வி வகை போன்ற தாழ்இறக்கை விமானங்களில் தொட்டிகள் பம்புக்குக் கீழே இருப்பதால், உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. எஞ்சின் அறையின் வெப்பமும் சேரும்போது எரிபொருள் குழாயிலேயே ஆவியாகி, திரவத்தைத் தள்ளவென அமைந்த பம்பு வெறும் ஆவியைச் சுழற்றத் தொடங்குகிறது. ஆவியடைப்பு எனப்படும் இந்நிலையில் முதல் பம்பு திணறும் அதே நொடியில் இரண்டாவதும் திணறும். சுழல் எஞ்சின் குறைந்த ஆக்டேன் பெட்ரோலிலும் நன்கு ஓடும் என்பது செலவைக் குறைக்கும் பெருநன்மைதான். அந்தக் கார்ப் பெட்ரோல் விமானப் பெட்ரோலைவிட எளிதில் ஆவியாகும் என்பதே அதன் விலை.

திரும்புகுழாய் இதனினும் நுட்பமான சிக்கல். 180 குதிரைத்திறன் தரும்போது எஞ்சின் மணிக்கு ஏறத்தாழ 57 லிட்டரை எரிக்க, பம்பு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல் அனுப்புவதால், மிஞ்சியது தொட்டிக்குத் திரும்ப வேண்டும். இடத் தொட்டியிலிருந்து எடுத்து, நிரம்பிய வலத் தொட்டிக்குத் திருப்பினால் எரிபொருள் காற்றுப்போக்கி வழியே வானில் கொட்டிப்போகும். எடுப்பதையும் திருப்புவதையும் ஒருசேர மாற்றும் இரட்டை வால்வு இதற்குச் சரியான விடை. எனினும் அதன் விலையும் எடையும் பலரை இடைத்தொட்டியின் பக்கம் தள்ளுகின்றன. பம்புகளுக்கு மேலாக அமையும் இச்சிறுதொட்டி உறிஞ்சும் சுமையை நீக்குகிறது என்பது மெய். ஆனால் சூடேறித் திரும்பும் எரிபொருள் அச்சிறு கொள்ளளவுக்குள்ளேயே சுற்றிச்சுற்றி மேலும் சூடாகிறது. உச்சியில் சேரும் ஆவிக்கு முதன்மைத் தொட்டிவரை செல்லும் போக்கி இல்லையென்றால், தீர்க்க வந்த தொட்டியே ஆவியடைப்பின் இருப்பிடமாகிவிடும். போக்கியில்லாத இடைத்தொட்டியை எவ்வகையிலும் ஆதரிக்க இயலாது. இரு தொட்டிகளின் அடியிலும் தனித்தனிப் பம்பு வைத்துத் தேர்வு வால்வையே விலக்கும் முறை, உறிஞ்சாமல் தள்ளுவதால், கொள்கையளவில் மேலானது. ஆனால் ஒரு பம்பு பழுதானால் அத்தொட்டியின் எரிபொருள் பயன்படாமலே தங்கிவிடும்.

ஓர் ஆபத்தை நீக்க எடுத்த முடிவு மற்றோர் ஆபத்தைப் பெற்றெடுக்கும் என்பதற்கு, சுழல் எஞ்சின் அல்லாத விமானமாயினும், 1997இல் பாடகர் ஜான் டென்வர் உயிரிழந்த லாங்-ஈஸி விமானமே தக்க சான்று. வடிவமைப்பாளரின் வரைபடம் விமானியின் முன்னே காட்டிய தேர்வு வால்வைக் கட்டியவர் இடத்தோளுக்குப் பின்னே இடம்மாற்றியிருந்தார். விமானியறைக்குள் எரிபொருள் குழாய் கூடாது என்பதே அவர் எண்ணம். தொட்டியை மாற்றத் திரும்பிய விமானி தன்னையறியாமல் வலச் சுக்கான் மிதியை அழுத்தியிருக்கலாம் என்று விசாரணை முடிவுசெய்தது. குறியீடற்ற அக்கைப்பிடியின் இடமும் காரணங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது.

இத்தகைய அமைப்புகளைத் தரையிலேயே சோதிக்க வழி உண்டு. பம்பு வழங்கும் அமைப்பில் புறப்பாட்டின்போது தேவைப்படும் அளவில் 125 விழுக்காடும், புவியீர்ப்பால் வழங்கும் அமைப்பில் 150 விழுக்காடும் பாய வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். 2012இல் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் எரிபொருள் அமைப்பின் செயற்சோதனையை ஆவணப்படுத்துமாறு பரிந்துரைத்தது. சுழல் எஞ்சினுக்கு அச்சோதனை குளிர்ந்த காலைப்பொழுதில் மட்டும் நடந்தால் போதாது. மூக்கை மேலேற்றி, தொட்டியில் அடிமட்ட அளவே விட்டு, கார்ப் பெட்ரோலுடன், எஞ்சின் அறை நன்கு சூடேறிய பின்னர் ஒவ்வொரு பம்பையும் தனித்து ஓட்டிப் பாயும் அளவைக் குறித்தால்தான் ஆவியடைப்பு ஓடுதளத்திலேயே தன்னைக் காட்டிக்கொள்ளும்.